பெரட்டும் பரேட்டும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் 'பெரட்டு' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே மணி அடிக்கும். லயத்து வீடுகளிலிருந்து ஆணும் பெண்ணும் பெரட்டுக் களத்துக்கு வந்து வரிசையாக நிற்பார்கள். மண்டோர் தலை எண்ணுவார். கிராணி புத்தகத்தில் பேர் போடுவார். யாருக்கு எந்த நிரை என்பது அங்கேதான் முடிவாகும். வரிசைக்கு வராதவருக்கு அன்றைக்குப் பேர் கிடையாது, கூலியும் கிடையாது.

'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்தான் நம் பாட்டன் பாட்டிகளின் நாக்கில் புரண்டு பெரட்டு ஆனது. 'லயம்' என்பதும் அப்படித்தான். சிப்பாய்கள் தங்கிய வரிசைக் குடியிருப்பை வெள்ளைக்காரன் 'லைன்ஸ்' என்றான். பால்வெட்டுக்கு வந்தவர்களின் குடியிருப்பையும் அதே பெயரால் அழைத்தான். அது லயனாகி லயமானது. ராணுவ முகாமின் சொற்கள் ரப்பர்க் காட்டுக்குள் வந்து குடியேறியது தற்செயல் இல்லை. ஆட்களை ஒரே இடத்தில் அடைத்து, ஒரே நேரத்தில் எழுப்பி, வரிசையில் நிறுத்தி, எண்ணி அனுப்பும் வித்தையை ராணுவத்திடமிருந்துதான் தோட்டம் கற்றுக்கொண்டது. ஆனால் சிப்பாய்க்குக் கற்றுக்கொடுத்த ஒன்றைத் தோட்டம் கூலிக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி நேராகப் பார்ப்பது எப்படி என்பதுதான் அது.

அதை எங்கள் கெடாத் தோட்டங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். அந்தக் கதையைச் சொல்வதற்கு முன் கவாத்து என்றால் உண்மையில் என்ன என்று கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது.

இந்தச் சொல்லுக்கும் ஒரு பயணம் இருக்கிறது. அரபியில் 'விதிகள்' என்று பொருள்படும் 'கவாயித்' இந்துஸ்தானிக்கு வந்து ராணுவப் பயிற்சியைக் குறித்தது. அது தமிழில் கவாத்து ஆனது, மலாயில் 'காவாட்' ஆனது. இன்றைக்கு நம் பிள்ளைகள் பள்ளித் திடலில் செய்யும் 'காவாட் காக்கி'யும், பாரதி காலத்துத் தமிழில் வரும் கவாத்தும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். தேயிலைக் காட்டில் செடியை ஒரே மட்டமாக வெட்டிவிடுவதற்கும் கவாத்து என்றுதான் பெயர். மட்டம் தட்டுவது என்ற பொருள் இரண்டுக்கும் பொருந்தத்தான் செய்கிறது.

நான் பல ஆண்டுகள் ஒரு தமிழ்ப்பள்ளியில் சீருடை இயக்கத்துக்குப் பொறுப்பாசிரியராக இருந்தவன். மாவட்டப் போட்டிகளுக்காகப் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தியிருக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவாத்து என்றால் கத்துவது, காலை உதைப்பது என்று நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது நுணுக்கமான கணக்கு.

முதல் சிக்கல் இடது, வலது. "சார், எது கீரி எது கானான்னு மறந்துபோச்சு சார்" என்று கண்ணில் நீரோடு நின்ற பையன்களைப் பார்த்திருக்கிறேன். இது பழைய சிக்கல். கும்பினி காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்த நம் ஆட்களுக்கு ஒரு காலில் ஓலையையும் மறு காலில் துணியையும் கட்டி, 'ஓலைக்கால், சீலைக்கால்' என்று சொல்லி நடக்கப் பழக்கினார்கள் என்று தமிழ்நாட்டில் ஒரு கதை வழங்குகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கிராமத்து இளைஞர்களின் ஒரு காலில் புல்லும் மறு காலில் வைக்கோலும் கட்டி 'புல்கால், வைக்கோல்கால்' என்று நடக்கவைத்தார்களாம். எழுத்து தெரியாதவனுக்கும் புல் தெரியும், ஓலை தெரியும். தெரிந்ததிலிருந்து தொடங்குவதுதான் பயிற்சி.

அடுத்தது துண்டாக்குவது. 'கெ கானான் புசிங்' என்று ஒரே மூச்சில் சொல்லும் வலப்பக்கத் திருப்பம் உண்மையில் இரண்டு அசைவு. குதிகாலில் ஒன்று, முன்காலில் ஒன்று என்று ஊன்றித் திரும்பி நிற்பது முதலாவது. பின்தங்கிய காலைக் கொண்டுவந்து சேர்ப்பது இரண்டாவது. நடுவில் ஒரு இடைவெளி. எண் சொல்லி முதல் அசைவில் அப்படியே நிறுத்தி வைத்தால்தான் யாருடைய உடம்பு ஆடுகிறது என்று தெரியும். முதலில் எண்ணை எல்லோரும் உரக்கச் சொல்வார்கள். பிறகு உதட்டுக்குள். பிறகு மனசுக்குள். சத்தம் நின்ற பிறகும் எல்லாக் குதிகாலும் ஒரே ஒலியாக விழுந்தால் அணி தயார் என்று அர்த்தம்.

கட்டளையிலும் இரண்டு பாகம் இருக்கிறது. இழுத்துச் சொல்லும் முதல் பாகம் எச்சரிக்கை, வெட்டிச் சொல்லும் இரண்டாம் பாகம் செயல். 'செப்பாட்...' என்று இழுத்தால் யாரும் அசையக்கூடாது. 'ஜாலான்!' என்றதும் எல்லோரும் ஒன்றாகப் புறப்பட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் வரும் அமைதிதான் கவாத்தின் உயிர். அந்த அரை விநாடியில் முப்பது பேரும் ஒரே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பழக்கமில்லாத தலைவன் அந்த அமைதியைத் தின்றுவிடுவான், அணி சிதறும்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். பிள்ளைகளைக் கண்ணை மூடி நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி ஊன்றச் சொன்னால், ஒரு நிமிடத்தில் ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருப்பார்கள். நேராக நிற்பது என்பது தனியாளால் ஆகிற காரியம் இல்லை. கடைக்கண்ணில் பக்கத்தில் இருப்பவனின் தோள் தெரிவதால்தான் ஒருவன் நேராக நிற்கிறான்.

அமெரிக்க வரலாற்றாசிரியர் வில்லியம் மெக்நீல் இதைப் பற்றி 1995இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 1941இல் கட்டாய ராணுவச் சேவையில் டெக்சாஸ் வெயிலில், போதிய ஆயுதம்கூட இல்லாத முகாமில், மணிக்கணக்கில் கவாத்து செய்தவர் அவர். பயனற்ற வேலைதான், ஆனாலும் சேர்ந்து அடியெடுத்து வைக்கும்போது தான் பெரிதாகிவிட்டதைப்போல் ஒரு நிறைவு வந்தது என்று நினைவுகூர்கிறார். அந்த உணர்வுக்குத் தசைப் பிணைப்பு என்று பெயர் வைத்தார். கூத்தாடுபவர்களுக்கும் நாற்று நடுபவர்களுக்கும் காவடி தூக்குபவர்களுக்கும் தெரிந்த உணர்வுதான். ஐரோப்பியப் படைகள் 16ஆம் நூற்றாண்டின் முடிவில், நெதர்லாந்தின் மொரிஸ் இளவரசர் காலத்திலிருந்து, அதை ஒரு கருவியாக்கின. ஊர் பேர் தெரியாத கூலிப்படை ஆட்களை எண் போட்டுப் பழக்கி ஒரே உடம்பாக்க முடியும் என்று கண்டுபிடித்தார்கள்.

இப்போது கெடாவுக்கு வருவோம்.

தோட்டத் தொழிலாளியின் உடம்புக்கு ஏற்கெனவே ஒரு பயிற்சி இருந்தது. அது குனிவது. இதற்குச் சான்று தேடி ரகசிய ஆவணங்களைப் புரட்ட வேண்டியதில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலே போதும். கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு இன்னொன்றும் அதில் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். சைக்கிளில் உட்கார்ந்தபடி ஒரு மனிதனைக் கடந்துபோகும் உரிமைக்காக ஒரு போராட்டம். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத் தலைவர் ஆர்.எச். நாதன் மே மாதத்தில் கைதாகி நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். கெடாவின் ஜித்ராவில் பிரிட்டிஷ் தரப்பின் தற்காப்பு வரிசை இரண்டே நாளில் உடைந்தது. அங்கே தோற்றுக் காட்டுக்குள் சிதறிய 14ஆம் பஞ்சாப் ரெஜிமெண்ட்டைச் சேர்ந்த கேப்டன் மோகன் சிங், அலோர் ஸ்டாரில் ஜப்பானிய மேஜர் புஜிவாராவையும் ஞானி பிரீதம் சிங்கையும் சந்தித்தார். இந்திய தேசிய ராணுவம் என்ற எண்ணம் உருப்பெற்றது அந்தச் சந்திப்புகளில்தான். சிங்கப்பூரோடு மட்டும் சேர்த்துப் பேசப்படும் ஐ.என்.ஏ.வின் தொப்புள்கொடி கெடா மண்ணில் கிடக்கிறது என்பதை நம்மவர்களே அதிகம் சொல்வதில்லை.

முதல் ஐ.என்.ஏ. 1942 முடிவில் கலைந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபின் அது இரண்டாவது முறை எழுந்தது. இந்த முறை சிப்பாய்கள் மட்டும் சேரவில்லை. பால்வெட்டுக்காரர்கள் சேர்ந்தார்கள். சீருடை, அணிவகுப்பு என்பதெல்லாம் போஸுக்குப் புதிதல்ல. 1928 டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் சீருடைத் தொண்டர்களை ராணுவ பாணியில் நடத்திக் காட்டியவர் அவர். 1943 அக்டோபரில் ஜான்சி ராணி படையின் முகாம் திறந்தது. லட்சுமி சுவாமிநாதன் தலைமையேற்ற அந்தப் படையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாத் தமிழ்ப் பெண்கள், தோட்டத்திலிருந்து போனவர்கள் நிறைய. முக்காடும் வாளியுமாகப் பெரட்டில் நின்ற பெண் காற்சட்டை போட்டுத் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி நடந்தாள்.

ஏன் சேர்ந்தார்கள் என்பதற்கு ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது. தேசப்பற்று உண்டு. பசியும் உண்டு. சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப்போவார்கள் என்ற பயமும் உண்டு. அந்தப் பாதைக்கு மலாயாவிலிருந்து போன ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 75,000 பேர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் தமிழர்கள், திரும்பி வராதவர்கள் ஏராளம். முகாமுக்குப் போனால் சோறு உண்டு, சயாமுக்குப் போகவேண்டாம் என்று கணக்குப் போட்டு வந்தவனையும் கவாத்து விட்டுவைக்கவில்லை. கட்டளைகள் இந்துஸ்தானியில் வந்தன. சொல் புரியாவிட்டால் என்ன? அதுவரை அவனை வரிசையில் நிறுத்தியவர்கள் அவனை எண்ணுவதற்காக நிறுத்தினார்கள். இப்போது முதல் முறையாக அவன் நிமிர்வதற்காக நிறுத்தினார்கள்.

1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. ஐ.என்.ஏ. கலைந்தது. ஆட்கள் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். அதே லயம், அதே பெரட்டு. அரிசி விலை மட்டும் ஏறியிருந்தது. ஆனால் உடம்பு பழைய உடம்பாக இல்லை.

கெடாவில் பீடோங், ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமி தலைமையில் உருவானது தொண்டர் படை. தோட்டம் தோட்டமாகப் பரவியது. இளைஞர்கள் சீருடை அணிந்து, கையில் கம்போடு, முன்னாள் ஐ.என்.ஏ.வினரின் கட்டளைக்குக் கவாத்து செய்தார்கள். கம்புக்குத் தோட்டத்தில் பஞ்சமில்லை, திடலுக்கும் பஞ்சமில்லை. காலையில் துரையின் பெரட்டு, மாலையில் தங்கள் பரேட். ஒரே கால்கள், ஒரே மண். வேறு கட்டளை.

அந்தக் கவாத்து வெறும் காட்சி இல்லை, அதற்கு ஒரு வேலை இருந்தது. கள்ளுக்கடையை மூடுவது. தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்த காலம் அது. காலையில் உழைத்த காசு மாலையில் அங்கே போனது. அதில் அரசாங்கத்துக்கும் வருமானம். குடித்தவன் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. தொண்டர் படை கடைகளின் முன் மறியல் செய்தது. கூடவே, சாமி தலைமையேற்ற கெடா ரப்பர்த் தொழிலாளர் சங்கக் கூட்டமைப்பு கூலிக்காகப் போராடியது. மறியலுக்கு வந்த கூட்டமும் வேலைநிறுத்தத்துக்கு வந்த கூட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மறியல் செய்தவர்களுக்குக் கவாத்து எதற்கு? சீருடை இயக்கப் பொறுப்பாசிரியனாக எனக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன். மறியலில் கஷ்டமான காரியம் முன்னேறுவது இல்லை, நிற்பது. எதிரே போலீஸ் வரும்போது ஓடாமலும் பாயாமலும் நிற்பது. எச்சரிக்கைக்கும் செயலுக்கும் நடுவில் இருக்கும் அந்த அரை விநாடியை அரை நாளாக நீட்டிப் பிடிப்பது. பக்கத்துத் தோள் கடைக்கண்ணில் தெரியாத கூட்டத்தால் அது முடியாது.

1947இல் மோதல் முற்றியது. பிப்ரவரி இறுதியில் பீடோங் கள்ளுக்கடை மறியலைப் போலீஸ் தாக்கிக் கலைத்தது, ஒரு தொழிலாளி உயிரிழந்தார். சில நாட்களில், மார்ச் தொடக்கத்தில், புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் மேல் போலீஸ் பாய்ந்தது. ஆண்களும் பெண்களும் அடிபட்டார்கள், பலர் சிறைக்குப் போனார்கள். மலாயாவில் இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்த எஸ்.கே. செட்டூர் அங்கே விசாரணை நடத்த வேண்டிய அளவுக்கு அது பெரிதானது. ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் இன்னொரு தொழிலாளி இறந்தார். மைக்கேல் ஸ்டென்சன், கே. நடராஜா போன்ற ஆய்வாளர்கள் இவற்றை எழுதிவைத்திருக்கிறார்கள். நம் குடும்பங்களின் பேச்சில்தான் இவை தேய்ந்துவிட்டன.

குடிக்காதே என்று சொன்னவர்களை ஏன் அடிக்க வேண்டும்? குடிகாரக் கூலியைவிடக் குடிக்காத கூலி நன்றாக உழைப்பான் அல்லவா? துரைகளும் அரசும் தொண்டர் படையை வரவேற்றிருக்கவே வேண்டும் என்றுதான் தோன்றும். பதில் இங்கிலாந்திலேயே இருக்கிறது.

1819 ஆகஸ்டு 16 அன்று மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுப் பெருங்கூட்டம் கூடியது. பெரும்பாலோர் நெசவாளர்கள். அவர்களைக் கந்தல் கும்பல் என்று பத்திரிகைகள் கேலி செய்துவந்தன. அதற்குப் பதிலாக, கூட்டத்துக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே அதிகாலையிலும் அந்தியிலும் மேட்டு நிலங்களில் கவாத்து பழகினார்கள். பழைய சிப்பாய்கள் சொல்லிக்கொடுத்தார்கள். சுத்தம், குடியாமை, ஒழுங்கு என்பவை அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளைகள் என்று கலந்துகொண்ட சாமுவேல் பாம்போர்ட் எழுதியிருக்கிறார். ஆயுதமில்லாமல், வரிசை வரிசையாக, குடும்பத்தோடு வந்தார்கள். குதிரைப்படை வாளோடு உள்ளே புகுந்தது. குறைந்தது 15 பேர் செத்தார்கள். பீட்டர்லூ படுகொலை என்று பெயர் நிலைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அனுமதியில்லாத கவாத்துப் பயிற்சியைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டது.

ஆக, தன் சொந்த நாட்டு ஏழையிடமே அவர்கள் பயந்தது கந்தலுக்கு இல்லை, ஒழுங்குக்குத்தான். குடித்துக் கலவரம் செய்யும் கூட்டத்தைக் கலைப்பது எளிது. குடிக்காமல் அடி பிசகாமல் வந்து நிற்கும் கூட்டத்துக்குத் தன்னைத் தானே நடத்திக்கொள்ளத் தெரியும். அதற்கு மண்டோர் வேண்டாம். 128 ஆண்டுகளுக்குப் பிறகு பீடோங்கிலும் அதிகாரிகளைக் கலங்கவைத்தது கம்பு இல்லை, கம்பு பிடித்தவர்கள் ஒரே நேரத்தில் திரும்பியது.

இந்தக் கதையை இதோடு முடித்துவிட்டால் இனிப்பாக இருக்கும். ஆனால் கவாத்துக்கு மனசாட்சி கிடையாது. மொரிஸ் இளவரசரின் எண் முறை காலனிப் படைகளையும் செய்தது, காலனியை எதிர்த்த படைகளையும் செய்தது. நம் ஆட்களை நிமிர்த்திய அதே போர்க்காலத்தில், நேர்த்தியாக அணிவகுத்த ஜப்பானியப் படைதான் அவர்களுடைய சொந்தக்காரர்களைச் சயாமுக்கு அனுப்பியது. தொண்டர் படையும் குடித்தவர்களைத் தானே பிடித்துத் தண்டித்தது என்று பதிவாகியிருக்கிறது. அடிமைத்தனத்துக்கு எதிராகக் கம்பெடுத்தவர்கள் லயத்துக்குள் இன்னொரு மண்டோராகவும் ஆகக்கூடும். அடி வாங்கிய அந்தக் குடிகாரனும் நம் பாட்டன்தான். சீருடை அவனுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

அப்படியும் நான் அவர்கள் பக்கம்தான் நிற்பேன், ஒரு காரணத்துக்காக. பெரட்டில் நின்றவன் வரிசையைவிட்டு விலகினால் சோறு போகும். தொண்டர் படையின் வரிசை அவன் தானே தேடி வந்து நின்றது. எட்டு மணி நேரம் வெட்டிக் களைத்த கால்கள் மாலையில் மறுபடி திடலுக்கு வந்தன, கூலி இல்லாமல். கவாத்தில் கட்டளை கொடுப்பவனைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். கீழ்ப்படிகிறவன் எதற்காக வந்தான் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. அனைத்து மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு தடைசெய்யப்பட்டது. அதன் தலைவராக இருந்தவரும் முன்னாள் ஐ.என்.ஏ.க்காரருமான எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று பூடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கம்பும் சீருடையும் வைத்திருப்பதே ஆபத்தான காலத்தில் தொண்டர் படை மாதிரியான ஒன்று நீடிக்க வழியில்லை. தோட்டங்களில் பெரட்டு மட்டும் தொடர்ந்தது.

இன்று பெரட்டும் இல்லை. சுங்கைப் பட்டாணியைச் சுற்றிய தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. கவாத்து மட்டும் பள்ளித் திடலில் இருக்கிறது. போட்டியில் நேர்கோட்டுக்கு இத்தனை மதிப்பெண், கை வீச்சுக்கு இத்தனை, சீருடைக்கு இத்தனை என்று நீதிபதிகள் அட்டையோடு நிற்கிறார்கள். எதற்காக இந்த வரிசை என்பதற்கு அட்டையில் கட்டம் இல்லை. பயிற்றுநர்களாக இருக்கும் இளம் ஆசிரியர்களிடம் நான் ஒன்றைத்தான் கேட்டுக்கொள்கிறேன். 'கெ கானான் லுருஸ்' சொல்லிக் கொடுக்கும் நாளில், பீடோங்கில் சிலர் இதே அசைவைக் கம்போடு பழகினார்கள் என்பதையும் ஒரு ஐந்து நிமிடம் நிழலில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். கெடாப் பிள்ளைகளுக்கு அந்த இடம் அரைமணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது.